கேள்வியோடு போங்கள்: ஓர் இளம் தமிழாசிரியருக்குக் கடிதம்

அன்புள்ள இளம் ஆசிரியருக்கு,

கல்விக் கொள்கை, பள்ளித் தலைமைத்துவம் என்று பெயர்வைத்து நடத்தப்படும் ஃபெலோஷிப் ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவருக்குக் கொள்கை எதற்கு என்பார் ஒருவர். பதவி உயர்வுக்கு உதவும், போட்டு வையுங்கள் என்பார் இன்னொருவர். இருவருமே ஃபெலோஷிப்பை ஒரு சான்றிதழாக மட்டும் பார்க்கிறார்கள்; ஒருவருக்கு அது தேவையற்றது, மற்றவருக்குத் தேவையானது, அவ்வளவுதான் வேறுபாடு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பியுங்கள், ஆனால் உங்கள் வகுப்பறையில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று கையில் இருந்தால் மட்டும். கேள்வி இல்லாமல் போகிறவருக்கு அது சம்பளத்தோடு கூடிய சுற்றுலா. கேள்வியோடு போகிறவருக்கோ, முடிவெடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் சில மாதங்கள் உட்கார்ந்திருக்க வேறு எந்த வழியிலும் கிடைக்காத ஓர் இடம்.

இதற்குச் சான்று வெளியூரில் தேட வேண்டாம். சிங்கப்பூர்க் கல்வி வரலாற்றின் இரண்டு அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். முதலாவது, அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979ல் தந்த அறிக்கை. அந்தக் குழுவில் பெரும்பாலோர் அமைப்புப் பொறியாளர்கள். நோயை அவர்கள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். 1975க்கும் 1977க்கும் இடையில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் சாதாரண நிலைத் தேர்வையும் எழுதியவர்களில் குறைந்தது 60 விழுக்காட்டினர் ஒரு மொழியிலோ இரு மொழிகளிலுமோ தேறவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு ஓடும் முறை உடைந்துவிட்டது என்று துணிந்து சொன்னார்கள். மருந்தாகத் தொடக்கநிலை மூன்றிலேயே தரம்பிரித்தல் வந்தது. நடுவழியில் பள்ளியை விட்டு விலகுவோர் தொகை பிறகு வெகுவாகக் குறைந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒன்பது வயதில் பின்தங்கிய பிரிவில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வரும் என்பது எந்த வரைபடத்திலும் ஏறாத தகவல். வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அந்தத் தகவல் கொள்கைக்குள் நுழைய எவ்வளவு காலம் பிடித்தது பாருங்கள்: தரம்பிரித்தல் 1992ல் தொடக்கநிலை நான்குக்குத் தள்ளிப்போனது, 2008ல் தொடக்கப்பள்ளியின் கடைசித் தரமான இஎம்3 பிரிவு எடுக்கப்பட்டது, உயர்நிலைப் பள்ளியின் விரைவுநிலை, வழக்கநிலைப் பிரிவுகள் 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்துதான் இல்லாமல் போயின. 45 ஆண்டுகள்.

இரண்டாவது அறிக்கையின் பிறப்பு வேறு மாதிரி. டோனி டான் கல்வி அமைச்சராக இருந்த 1986ல், பன்னிரண்டு பள்ளி முதல்வர்கள் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய், அங்கே வெற்றிகரமாக நடக்கும் பள்ளிகளைப் பார்த்துத் திரும்பினார்கள். அவர்கள் அறிக்கை 1987ல் வெளிவந்தது. ஃபெலோஷிப் என்ற பெயர் அதற்கு இல்லை. ஆனால் அதன் சாரம் முழுவதும் அதில் இருக்கிறது: பள்ளியை நாள்தோறும் நடத்துகிறவர்கள், அன்றாட வேலையிலிருந்து கொஞ்ச நாள் விடுபட்டு, பிற நாட்டுப் பள்ளிகளைத் தொழில்காரரின் கண்ணோடு பார்த்து, கண்டதைக் கொள்கையின் மொழியில் எழுதிக் கொடுத்தார்கள். பொறியாளர்களின் அறிக்கை பிள்ளைகள் எவ்வாறு நகர வேண்டும் என்று பேசியது. முதல்வர்களின் அறிக்கை பள்ளிக்குள் எது நடக்க வேண்டும் என்று பேசியது. முதல்வருக்குக் கூடுதல் அதிகாரம், காலை, மாலை என்று பிரிக்காத ஒரே வேளைப் பள்ளி, பிள்ளைகளின் மனநலத்தையும் எதிர்காலத்தையும் கவனிக்கும் ஏற்பாடு என்று அது கேட்டவற்றில் பலவற்றை இன்று நாம் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.

அந்த அறிக்கையைக் கொண்டாடி நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான். அதைத் தொடர்ந்து 1988ல் ஆங்கிலோ சீனப் பள்ளி, சீன உயர்நிலைப் பள்ளி, செயின்ட் ஜோசப் பள்ளி மூன்றும் சுயேச்சைப் பள்ளிகளாயின; பின்னால் வேறு சிலவும் சேர்ந்தன. கட்டணம் ஏறியது. வசதியானவர்களுக்கு ஒரு கல்வி, மற்றவர்களுக்கு ஒரு கல்வியா என்ற முணுமுணுப்பும் கூடவே ஏறியது. 1994ல் தன்னாட்சிப் பள்ளிகள் என்று நடுவில் ஒரு படி கட்ட வேண்டிவந்ததற்கு அந்த முணுமுணுப்பும் ஒரு காரணம். சிறந்து விளங்கும் பள்ளிகளைப் பார்க்கப் போனவர்கள் சிறந்த பள்ளிகளைப் பெருக்கும் வழியோடு திரும்பியதில் வியப்பில்லை. தத்தளிக்கும் பள்ளிகளைப் பார்க்கப் போயிருந்தால் வேறொன்றைக் கொண்டுவந்திருப்பார்கள். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதே எதோடு திரும்புவோம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. உங்கள் கேள்வியை நீங்களே எடுத்துப்போக வேண்டும், நிகழ்ச்சி நிரலை அமைப்பவர் கையில் விட்டுவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

தமிழாசிரியருக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்குள்ள இந்தியர்களில் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றார்கள். 2020ல் அது 27.2 ஆனது, ஆங்கிலம் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2க்கு ஏறியது. சிராங்கூன் சாலையில் நடந்தால் எங்கும் தமிழ் கேட்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அங்கே கேட்கும் தமிழில் ஒரு பெரும் பங்கு வேலை செய்ய வந்தவர்களுடையது, உங்கள் மாணவர்களுடையது அல்ல. இந்தச் சரிவை முன்கூட்டிச் சொன்னவர்களில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மொழியியலாளர் ஹரால்ட் ஷிஃப்மனும் ஒருவர். 1990களின் நடுவிலும் மறுபடி 2003லும் எழுதிய கட்டுரைகளில், பள்ளி எழுத்துத்தமிழை மட்டுமே தமிழ் என்று ஏற்பதால் பேச்சுத்தமிழோடு வரும் பிள்ளை வாயடைத்துப் போகிறது என்று வாதிட்டார். இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் சீதாலட்சுமி, வனிதாமணி சரவணன் போன்றோர் வகுப்பறைகளுக்குள் போய் இதே பிரச்சினையை ஆராய்ந்தார்கள். 2005ல் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழு, தரமான பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொள்கை மாறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் எது பேச்சுத்தமிழ், எங்கே அது எழுத்துத்தமிழாக வேண்டும் என்று தினமும் தீர்ப்புச் சொல்கிறவர் நீங்கள். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டுப் பேசத் தெரிந்த பிள்ளை கட்டுரைத் தாளில் ஏன் தடுமாறுகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவு பீட்டி சாலைத் தமிழ் வகுப்பிலிருந்து புவன விஸ்தாவில் இருக்கும் கல்வி அமைச்சுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், குறை தூரத்தில் இல்லை. அதைக் கொள்கைக்காரர் படிக்கும் வடிவில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஒரு நல்ல ஃபெலோஷிப் கற்றுத்தருவது முக்கியமாக இதைத்தான்: ஒரு செலவினம் எப்படி உருவாகிறது, ஒரு பரிந்துரை எந்த மேசையில் நிற்கும், ஆதாரம் எந்த அளவுக்கு இருந்தால் அது நகரும். மேடைப்பேச்சும் தலைவர்கள் பட்டியலும் அதற்குப் பிறகு.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். உலகமே சிங்கப்பூரைப் பார்க்க வருகிறது, நாம் எங்கே போய் என்ன கற்க என்பது முதலாவது. 2022 பீசா பன்னாட்டு மாணவர் தேர்வில் கணிதத்தில் 575, அறிவியலில் 561, வாசிப்பில் 543 என்று மூன்றிலும் நாம் முதலிடம். மகிழ்ச்சி. ஆனால் அந்த வாசிப்புத் தேர்வை நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அந்த 543ல் தமிழைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கணிதத்துக்கு ஃபின்லாந்துக்குப் போக வேண்டாம் என்று ஒப்புக்கொள்ளலாம். பள்ளியில் கற்கும் மொழி வீட்டில் சுருங்கிக்கொண்டே வருவதை எப்படிச் சமாளிப்பது என்பதில் நமக்கு ஆசான்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 1982ல் நியூசிலாந்தில் மாவோரிகள் தொடங்கிய கோஹங்கா ரேயோ மழலையர் கூடங்களும் வேல்ஸின் பள்ளிகளும் நம் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவை. 2050க்குள் பத்து லட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்பது வேல்ஸ் அரசின் இலக்கு. ஆனாலும் வெல்ஷ் பேசுவோர் பங்கு 2011ல் 19 விழுக்காடாக இருந்து 2021ல் 17.8 ஆகிவிட்டது. வெற்றிக்கதையை எந்த இணையப் பக்கத்திலும் படித்துக்கொள்ளலாம். நேரில் போய்க் கேட்க வேண்டியது, இவ்வளவு செய்தும் எண்ணிக்கை ஏன் இறங்கியது என்பதை.

இரண்டாவது வாதம் கனமானது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பல பள்ளிகளில் தமிழாசிரியர்கள் ஓரிருவர்தான். சில பள்ளிகளில் தமிழே கிடையாது என்பதால்தான் பிள்ளைகள் பள்ளி முடிந்து உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்களுக்கு வருகிறார்கள். இந்த நிலையில் ஒருவர் ஆறு மாதம் நீங்கினால் பிள்ளைகள் நட்டப்பட மாட்டார்களா? நட்டப்படுவார்கள், ஏற்பாடு மோசமாக இருந்தால். துணை முதல்வர்களுக்காகத் தேசியக் கல்விக் கழகம் 2001 முதல் நடத்திவரும் தலைமைத்துவத் திட்டம் ஆறு மாத முழுநேரப் படிப்பு. ஒரு துணை முதல்வர் இல்லாததைப் பெரிய பள்ளி தாங்கும், தனியாக நிற்கும் தமிழாசிரியர் இல்லாததைத் தாங்காது. அதற்கு வேறு வடிவங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1964 முதல் நடக்கும் கல்விக் கொள்கை ஃபெலோஷிப்பில் சேர்கிறவர்கள் வேலையை விடுவதில்லை. மாதந்தோறும் கூடிப் படிக்கிறார்கள். வேல்ஸில் ஆசிரியர்கள் வெல்ஷ் கற்கச் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம். மாற்று ஆசிரியருக்கான செலவையும் அரசே தருகிறது. உங்களுக்கு இப்படி ஒரு வடிவம் இல்லை என்றால், அதைக் கேட்பதே கொள்கை வேலையின் முதல் பாடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாதம்: நல்லாசிரியரை வகுப்பிலிருந்து பிடுங்கி அதிகாரியாக்கும் சூழ்ச்சி இது. சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2001க்குப் பிறகு இங்கே கற்பித்தல், தலைமைத்துவம், சிறப்பு வல்லுநர் என்று மூன்று பாதைகள் இருக்கின்றன. கற்பித்தலிலேயே உயர்ந்து போகலாம். ஆகவே உயர்வதற்காக வகுப்பை விட வேண்டிய கட்டாயம் முன்போல் இல்லை. தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தோடு ஒப்பிட்டால் உங்கள் நிலையின் பலம் புரியும். அது இளம் பட்டதாரிகளை இரண்டு ஆண்டு அரசுத் துறைகளில் வைத்து நிர்வாகம் பழக்குகிறது. வெளியிலிருந்து புதுக் கண் வருவது நல்லதுதான். ஆனால் திட்டம் முடிந்ததும் அவர்கள் எங்கே போவார்கள் என்பது அவரவர் விருப்பம். நீங்களோ திங்கட்கிழமை காலையில் அதே பிள்ளைகள் முன் நிற்கப்போகிறவர். உங்கள் பரிந்துரை தவறானால் அதன் விளைவை முதலில் அனுபவிக்கப்போகிறவரும் நீங்களே. கொள்கை எழுதும் அறையில் அப்படிப்பட்ட ஒருவர் இருப்பது அரிது. அதனால் திரும்பிப் போய்க் கற்பிக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் ஃபெலோஷிப்பைத் தேர்ந்தெடுங்கள். அது உங்களைக் கட்டிப்போடும் விதி அல்ல, உங்கள் பேச்சுக்கு எடை தரும் விதி.

நண்பர்கள் வட்டம் பெருகும் என்று பலரும் இதன் நன்மைகளில் முதலாவதாகச் சொல்வார்கள். அதை நான் கடைசியில் வைப்பேன். குழுப் புகைப்படத்தில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேரோடு ஓராண்டுக்குப் பின் வாழ்த்துச் செய்தி மட்டும்தான் மிஞ்சும். ஆனால் அறிவியலோ மலாயோ சீனமோ கற்பிக்கும் ஒருவர், உங்கள் பிரச்சினை தன்னுடையதும்தான் என்று கண்டுகொண்டால், அந்த ஒரு நட்பைக் காப்பாற்றுங்கள். வீட்டில் மொழி சுருங்குவது தமிழர் குறை மட்டும் அல்ல. மாண்டரினுக்கும் மலாய்க்கும் அதே கதை. மூன்று மொழி ஆசிரியர்கள் சேர்ந்து எழுதும் பரிந்துரையை அமைச்சு ஒரு சிறுபான்மையின் மனக்குறை என்று ஓரம் வைக்க முடியாது.

விண்ணப்பத்தில் நோக்கம் என்ற கட்டத்தில் தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள என்று எழுதாதீர்கள். எல்லாரும் அதையே எழுதுவார்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் என் மாணவர்கள் தொடக்கநிலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் தமிழில் பேசுவதை ஏன் நிறுத்திவிடுகிறார்கள் என்பது போல, உங்கள் வகுப்பைப் பார்த்தால் மட்டுமே எழக்கூடிய ஒன்றை எழுதுங்கள். அதற்கு இப்போதே உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது, என்ன இல்லை என்று இரண்டு பத்தி சேருங்கள். பிறகு பள்ளி முதல்வரிடம் போகும்போது விண்ணப்பப் படிவத்தோடு இன்னொரு தாளையும் எடுத்துப் போங்கள்: நீங்கள் இல்லாத வாரங்களில் உங்கள் வகுப்புகளை யார் எடுப்பார், எந்தப் பாடம் வரை முடித்து ஒப்படைப்பீர்கள், வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி யார் தருவார். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்