கிளிஞ்சல் உண்டாகும் விதமும் அதன் சுண்ணாம்பின் உபயோகமும்

ஏரிகளில் நீர் வற்றும் காலத்தில், சேற்றினிடையே மட்டிகள் வெளிப்படுவதை விவசாயிகள் யாவரும் கண்டிருப்பர். அவற்றின் ஓடு கல்லைப்போல் கடினமாயிருப்பினும், உள்ளே வசிக்கும் பிராணி எலும்பே இல்லாத மிருதுவான உடலுடையது. அது தன் வீட்டை எவ்விதம் கட்டுகிறது என்பதை அறிந்தால், நிலத்திற்குச் சுண்ணாம்பு இடும் முறையும் தெளிவாக விளங்கும்.

ஓட்டின் பெரும்பாகம் சுண்ணாம்புக் கார்பனேட் ஆகும். மட்டி இச்சத்தை முக்கியமாகத் தான் வாழும் நீரிலிருந்தே கிரகிக்கிறது. அதன் உடலை ஒரு மெல்லிய போர்வைச் சவ்வு மூடியிருக்கிறது. அச்சவ்வுக்கும் ஓட்டுக்கும் இடையே சொற்ப அளவில் ஒரு திரவம் உண்டு. சவ்வானது முதலில் புரதம் முதலிய பொருள்களைச் சுரந்து, கொத்தன் கட்டும் சாரம்போல் ஒரு வலையை அமைக்கிறது. பின்பு சுண்ணாம்பு அதன்மேல் நுண்ணிய படிகங்களாகப் படிகிறது.

ஓட்டில் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளிப்புறத்தில் பழுப்பு அல்லது பச்சை நிறமான மெல்லிய தோல். அதன் கீழே நெருக்கமாக நிறுத்திய தூண்கள் போன்ற படிகங்கள். உட்புறத்தில் பளபளக்கும் முத்துப்படலம். முதலிரண்டையும் சவ்வின் ஓரப்பாகமும், முத்துப்படலத்தைச் சவ்வின் மற்றப் பாகமும் உண்டாக்குகின்றன. முத்துப்படலத்தில் சுண்ணாம்பு மெல்லிய வில்லைகளாகச் செங்கற்சுவர்போல் அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை 2000 பங்காக்கினால் ஏறக்குறைய ஒரு பங்கே ஒரு வில்லையின் கனமாகும். இவ்வடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதாலேயே வானவில் போன்ற நிறங்கள் தோன்றுகின்றன. வில்லைகளைப் பிணைக்கும் உயிர்ப்பொருள் நூற்றில் ஐந்து பங்கு அளவே யாயினும், ஓடு எளிதில் உடையாமலிருப்பதற்கு அதுவே முக்கிய காரணமாகும்.

மழைத்துளி சிப்பியில் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. உண்மையில், போர்வைச் சவ்வின் உயிரணுக்கள் உடலினுள் அகப்பட்டுப் பைபோல் வளர்ந்து, அதனுள் முத்துப்படலத்தைச் சுற்றிச் சுற்றிப் படியவைப்பதே முத்து. இதை அனுசரித்து, சிப்பியினுள் ஒரு மணியையும் வேறொரு சிப்பியின் சவ்வுத்துண்டையும் சேர்த்து வைத்து, 1973-ஆம் வருஷத்தில் தூத்துக்குடிப் பகுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்து விளைவித்தனர்.

இனி நிலத்திற்கு வருவோம். கிளிஞ்சலைப் பொடித்து எலுமிச்சம்பழச் சாற்றில் இட்டால் நுரை எழும்பும். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கிறது. சுண்ணாம்பு புளிப்பைப் போக்குகிறது. ஆகவே நீலகிரி போன்ற இடங்களிலுள்ள புளிப்பு நிலங்களுக்குக் கிளிஞ்சல் நல்ல மருந்தாகும். முழு ஓடு பல வருஷங்கள் கரையாமல் கிடக்கும். மாவாக அரைத்ததே விரைவில் பயன்படும். சுத்தமான சுண்ணாம்புக் கார்பனேட் 100 பங்கைச் சூளையில் முற்றிலும் சுட்டால் 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். புளிப்பை மாற்றுவதில் இந்த 56 பங்கு, சுடாத 100 பங்குக்குச் சமம். விலை பேசுகையில் இதைக் கவனித்தல் அவசியம்.

சுக்கான் கலந்த நிலத்திற்கு மேலும் சுண்ணாம்பு இடுவது வீண் செலவாகும். பயிருக்குக் கெடுதலும் நேரலாம். அவ்வித மண்ணின்மேல் காடியை ஊற்றினால் நுரைக்கும். நுரைக்காத மண்ணெல்லாம் சுண்ணாம்பு வேண்டுவதென்றும் கொள்ளலாகாது. மண்ணைப் பரிசோதனை செய்வித்தே அளவை நிச்சயிக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பையோ நீற்றிய சுண்ணாம்பையோ அம்மோனியம் சல்பேட்டுடனும் சாண எருவுடனும் கலந்து இடலாகாது. கலந்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்விடும். முதலில் சுண்ணாம்பை இட்டு உழுது, சில வாரங்கள் கழிந்தபின் உரமிடுதலே முறையாகும்.