சூரைச் செடியின் கீழ் ஒரு தொண்டன்



மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் சமூகத் தொண்டாற்றும் எம் இளைஞர், யுவதிகளிடமிருந்து அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. "சுவாமி, மூன்று வருடம் பாடுபட்டோம். சேமிப்புக் குழு கலைந்துவிட்டது. குடியை விட்டவர் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் தவறணைக்குத் திரும்பிவிட்டார். மாலை வகுப்புப் பிள்ளைகளிற் பாதிப்பேர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். எம்மால் ஆனது என்ன?" செபியுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று பதில் கூறி அனுப்பிவிடுவது எளிது. அது விசுவாசமன்று, சோம்பல்.

அரசர் முதலாம் நூலின் 19ஆம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக வாசியுங்கள். கர்மேல் மலையில் வெற்றி கண்ட எலியா, அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் கீழிருந்து சாவைக் கேட்கிறார். இறைவன் அவரைக் கண்டிக்கவில்லை, போதிக்கவுமில்லை. தூங்க விடுகிறார். தணலிற் சுட்ட அப்பமும் தண்ணீரும் அனுப்புகிறார். மறுபடியும் தூக்கம், மறுபடியும் உணவு. (எம் தொண்டர்களுள் எத்தனை பேர் காலைச் சாப்பாடின்றிப் பஸ் ஏறுகிறார்கள் என்பதைப் பங்குச் சபைகள் ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது நல்லது.)

பின்னர் ஓரேபு மலையில் எலியா தம் குறையைச் சொல்கிறார். தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக இருமுறை முறையிடுகிறார். இறைவன் அந்தக் கணக்கைத் திருத்துகிறார். பாகாலுக்கு மண்டியிடாத 7000 பேர் இஸ்ராயேலில் இருக்கிறார்களாம்! துணைக்கு எலிசாவையும் காட்டிக் கொடுக்கிறார். எலியா அரசியிடம் தோற்றதிலும் பார்க்கத் தம் கணக்கிலேதான் அதிகம் தோற்றார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை விளங்கிக்கொள்ள எம் மலையகத்தின் வரலாறே போதும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்டமக்கள் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும், 3,00,000 பேரை இலங்கைக்கென்றும், தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவதுபோலப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பத்தாண்டுகள் கழித்தே தீர்மானமாயிற்று. 1972இல் யேசு சபைக் குருவான வண. பிதா போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் அங்கே ஒன்றாக உழைத்தனர். 1974இல் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகமும் உருவாயிற்று.

பலன் என்ன? 1973, 74இல் தோட்டங்களிற் பஞ்சம், பட்டினிச் சாவு. குடும்பம் குடும்பமாக மக்கள் தலைமன்னாரிற் கப்பலேறினர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் வன்செயல்; லயங்கள் எரிந்தன. 1983இல் கணக்கேட்டை மூடியிருந்தால் வரவுப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்திருக்கும். பிதா கஸ்பர்ஸ் மூடவில்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியதைக் கண்டபின், 2017இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அச்சட்டம் எந்தத் தனி நிறுவனத்தினதும் சாதனையன்று. தொழிற்சங்கங்கள், அரசியல்வாதிகள், பெயர் தெரியாத தோட்டத் தலைவர்கள் எனப் பலர் நெடுங்காலம் இழுத்த தேர் அது. கப்பலேறிப் போனவர்களின் பிரிவை அது மாற்றவுமில்லை. சில தோல்விகள் தோல்விகளாகவே நிற்கும். உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் ஆணிக் காயங்கள் இருந்தனவே!

அப்படியானால் மஸ்கெலியாவில் அந்த 7000 பேர் யார்? தேடிப் பாருங்கள். எமது சேமிப்புக் குழு கலைந்த அதே லயத்தில், பெண்கள் தமக்குள் பிடிக்கும் சீட்டு ஒரு மாதமும் தவறாமல் நடக்கிறது. எத்திட்டத்தின் உதவியுமின்றி, மரணாதாரச் சங்கம் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது. பெட்டி வாங்குவதும், குழி வெட்டுவதும், செத்த வீட்டாருக்குச் சோறு சமைப்பதும் யார் யார் பொறுப்பென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நாம் படிவங்களோடு போய், ஒற்றுமை என்றால் என்னவென்று இவர்களுக்குப் பாடம் நடத்தினோம்.

கூட்டத்துக்கு யாரும் வரவில்லை என்றும் குறை சொல்கிறோம். நாலு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்? அது கொழுந்து நிறுக்கும் நேரம். நிறுத்தபின் பிள்ளைமடுவத்தில் பிள்ளையைத் தூக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர் விழுமோ என்ற கவலை வேறு. இதையெல்லாம் அக்கறையின்மை என்று அறிக்கையில் எழுதுவது அநீதி.

ஆகவே, தோல்வியுற்ற தொண்டர் குழுவொன்று இவ்வாரம் கூடுமாயின், முதலில் எல்லாரும் வயிறாரச் சாப்பிடுங்கள். அதன்பின் எலியாவின் அதிகாரத்தை ஒருவர் உரத்து வாசிக்கட்டும். வாசித்தபின், யாரில் பிழை என்று தொடங்காமல், அந்தத் தோட்டத்தில் மண்டியிடாது நிற்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். அதிற் சைவர்களின் பெயர் வரும், குடிகாரர் ஒருவருடைய மனைவியின் பெயரும் வரலாம். பிறகு கலைந்த குழுவின் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சீட்டு நடத்தும் அக்காவிடம் போய், நாம் எங்கே தவறினோம் என்று கேளுங்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு போனால் வீட்டில் இருப்பார். பீலியில் தண்ணீர் வரும் நேரம் மட்டும் வேண்டாம்.