உறக்கத்தில் மூச்சுத் தடை

ஏனைய பிணிகளிலே நோயாளி சொல்ல மருத்துவர் கேட்பார். ஈண்டு நாம் ஆராயப் புகும் பிணியிலோ மனைவியும் மக்களும் சொல்ல, நோயாளி அதனை மறுத்துரைப்பார். உறங்குபவர் தம் உறக்கத்தைக் காண இயலாதன்றோ? அதனால், இந்நோயை முதலில் அறிபவர் அருகே விழித்திருப்பவரே.

எல்லவுக்கு அணித்தாய் இராவணன் குகையென்று காட்டப்பெறும் இடத்தைக் கண்டோர்க்கு அவன் தம்பி கும்பகர்ணன் நினைவு வருதல் இயல்பு. குறட்டை விடுவோரை அப்பெயரிட்டு நகையாடுதலும் நம்மவர் வழக்கம். பெருங்குறட்டை ஆழ்ந்த நித்திரையின் அடையாளமென்பது பொதுமக்கள் கொள்கை. உண்மை பெரும்பாலும் அதற்கு மாறானது.

நாம் உறங்கும்போது உடற்றசைகள் தளர்கின்றன. நாவின் அடியும் உண்ணாக்கும் தொண்டைச் சுவரும் அவ்வாறே தளர்கின்றன. கழுத்திலே கொழுப்பு மிகுந்தோர்க்கும், தாடை சிறுத்துப் பின்னொதுங்கியோர்க்கும் காற்றுவழி முன்னரே குறுகியது. தளர்ச்சியால் அது மேலும் ஒடுங்கும். ஒடுங்கிய வழியிற் காற்று அதிர்ந்து செல்வதே குறட்டை. வழி முற்றாக அடைபட்டால் ஓசை நின்றுவிடும். வீட்டார் "அப்பாடா, ஓய்ந்தது" என்று ஆறுதல் கொள்ளும் அக்கணமே ஆபத்தான கணம். மார்பும் வயிறும் மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருக்க, காற்று உட்புகுவதில்லை. குருதியில் ஒட்சிசன் குறைகிறது. மூளை அதனை உணர்ந்து உறங்குபவரைச் சிறிது தட்டி எழுப்ப, அவர் பெருமூச்செறிந்து, புரண்டு, மீண்டும் உறங்குகிறார். கடும் நோயுடையோர்க்கு இது மணிக்கு 30 முறைக்கு மேலும் நிகழும். காலையில் இவற்றுள் ஒன்றேனும் அவர் நினைவில் இராது. 8 மணி நேரம் படுத்தும் உறங்காதவர் போல எழுவார்.

இந்நோயின் வரலாறு சுவையானது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836-இல் வெளியிடத் தொடங்கிய பிக்விக் கதையில், ஜோ என்னும் பருத்த சிறுவன் எவ்விடத்தும் உறங்கி விழுவான். 1956-இல் பேர்வெல் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் தாம் கண்ட நோயாளி ஒருவரின் நிலைக்குப் பிக்விக் பெயரையே சூட்டினர். அந்நோயாளி மருத்துவரை நாடிய காரணம் யாது? சீட்டாட்டத்திலே வெல்லுஞ் சீட்டுகள் கையிலிருக்க, ஆடாமல் உறங்கிவிட்டமையே! ஆயினும் தொண்டை அடைபடுதல் 1965-இல், பிரான்சிலும் ஜேர்மனியிலும் உறங்குவோரின் மூச்சை இரவு முழுவதும் பதிவுசெய்த பின்னரே தெளிவாயிற்று. அக்காலத்திலே கழுத்தில் மூச்சுக்குழாயைத் துளைப்பதே பயன் தரும் பரிகாரமாக இருந்தது. 1981-இல் அவுஸ்திரேலியரான கொலின் சலிவன், மூக்கின் வழியே காற்றை மெல்லிய அமுக்கத்துடன் இடைவிடாது செலுத்தினால் தொண்டை அடைபடாது என்று காட்டினார். கத்தியின்றி இத்துணைப் பெரிய நன்மை கிட்டியமை வியத்தற்குரியது.

இனி, நம் ஊவாவிலே இதனை இனங்காணல் எவ்வாறு? இங்கே நோய் வேறு பல பெயர்களிலே மறைந்து நிற்கின்றது. அப்புத்தளையின் குளிரிலே இரவில் மும்முறை நாலுமுறை சிறுநீர் கழிக்க எழுபவர் குளிரைக் குறை கூறுவார், அன்றி நீரிழிவென அஞ்சுவார். நீரிழிவைச் சோதித்தல் நன்றே. ஆயினும் மூச்சுத் தடையும் அவ்வாறு எழுப்பும் என்பதைப் பலர் அறியார். கொழுந்து பறிக்கும் பெண் களைப்பென்றால் இரத்தச்சோகை என்று மாத்திரை கொடுப்பர். மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களிடத்தும் இந்நோய் மிகுகின்றது. அவர்களிடம் பெருங்குறட்டையினும் களைப்பும் நித்திரைக் குறைவுமே முன்னிற்பதுண்டு. மெலிந்த உடலினர்க்கு இந்நோய் வாராதென்பதும் தவறு.

காலைத் தலைவலி, மருந்துக்கும் அடங்காத உயர் குருதி அமுக்கம், மறதி, காரணமற்ற சினம், பகலிற் கண் சொருகுதல் ஆகியன சேர்ந்து வரின் ஐயுறுக. கழுத்தின் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேற்படின் ஐயம் வலுக்கும். சட்டைக் கழுத்தளவு 16 அங்குலமான பழைய மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக. லயன் காம்பிராவில் ஒரே அறையிற் பலர் உறங்குவது துன்பமே. ஆயினும் மூச்சு நிற்பதைக் காணச் சாட்சிக்குக் குறைவில்லை. கைத்தொலைபேசியிலே அக்குறட்டையையும் இடையே எழும் மௌனத்தையும் பதிந்து மருத்துவரிடம் காட்டுதல் மிக உதவும்.

உறுதி செய்வதற்கு ஓர் இரவுச் சோதனை வேண்டும். உறங்கும்போது மூச்சும், மார்பசைவும், குருதியின் ஒட்சிசனும் பதியப்படும். 10 விநாடிக்குக் குறையாத தடைகளை, முழுமையானவும் அரைகுறையானவும் சேர்த்து, எண்ணுவர். மணிக்கு 5 முதல் 15 வரை இலேசு. 30 வரை நடுத்தரம். அதற்கு மேற்படின் கடுமை. தோட்ட மருந்தகத்திலே இது நடவாது. குருதி அமுக்கத்திற்கு மாத்திரை பெறச் செல்லும் நாளிலேயே உறக்கத்தைப் பற்றியும் கூறி, பெரிய வைத்தியசாலைச் சுவாசநோய் வைத்தியருக்குக் கடிதம் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேளாதார்க்கு அக்கடிதம் கிட்டுவதரிது.

சிகிச்சையில் தலையாயது முற்கூறிய காற்றுப் பொறியே. முகமூடி முதற் சில இரவு தொல்லை தரும். பொறுத்தோர் பயன் பெறுவர். ஆனால் பொறியின் விலை நாட்கூலி பெறுவோர்க்கு மலைபோன்றது. மின்சாரம் நின்ற இரவில் அது பயன்படாது. ஆதலின் பிறவற்றையும் கூறல் வேண்டும். உடலெடையிற் பத்திலொரு பங்கு குறைந்தால் தடைகள் ஏறத்தாழக் காற்பங்கு குறையுமென 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மல்லாந்து படுக்கையில் மட்டும் மூச்சு நிற்பவர் ஒருக்களித்துப் படுத்தல் நன்று. சட்டையின் முதுகிலே ஒரு பந்தைத் தைத்துக் கொள்ளும் பழைய உபாயம் செலவற்றது. கீழ்த்தாடையை முன்தள்ளும் பற்கருவியும் சிலருக்கு உதவும். தைரொயிட்டுச் சுரப்புக் குறைவு இருப்பின் அதனைத் தீர்த்தல் வேண்டும். வேலைக் களைப்பைப் போக்க இரவில் அருந்தும் சாராயமோ தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். வைத்தியரைக் கேளாது உண்ணும் நித்திரை மாத்திரையும் அத்தகையதே. களைப்புக்கு மருந்தென்று கொள்வதே களைப்பை வளர்க்கின்றது.

இந்நோய் இதயத்தையும் மூளையையும் தாக்குவது ஆண்டுக் கணக்கிலே. சாரதி ஒருவரின் கண்ணிமைகளைத் தாக்குவதோ ஒரு கணத்திலே. பசறை, லுணுகலைப் பாதைகளிலும், அப்புத்தளையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வளைவுகளிலும், கொழுந்து லொறியோ பஸ்ஸோ செலுத்துபவர் உறங்கினால் அவருடன் செல்வோர் எத்தனை பேர்! பகலுறக்கம் மிகுந்த சாரதி, சிகிச்சையாற் குணம் காணும்வரை வளையத்தைத் தொடாதிருத்தலே முறை. வருவாய் போகுமென அவர் அஞ்சுவது இயல்பு. அதுவரை அவருக்கு வேறு பணி கொடுத்தல் தோட்டத் துரைமாராலும் பஸ் உரிமையாளராலும் ஆகாததன்று. அவ்வாறு செய்தாலன்றி எந்தச் சாரதியும் தம் நோயை வாய் திறந்து சொல்லார்.