புண்ணும் வில்லும்: அயர்லாந்து அரங்கிற் கிரேக்க அவலம்

பண்டை நாடகங்களைப் புதிய அரங்கில் ஏற்றுவோர் யாது கருதி அவ்வாறு செய்கின்றனர்? இவ்வினாவுக்கு அயர்லாந்து நாட்டார் நல்லதொரு விடை தந்துள்ளனர். 1926 ஆம் ஆண்டு, கவிஞர் யேற்ஸ் ஆக்கிய ‘ஈடிப்பஸ் மன்னன்’ மொழிபெயர்ப்பு டப்ளின் நகரத்து அபே அரங்கில் மேடையேறிற்று. பின்வந்த கவிஞர் பலரும் அந்நெறியிற் சென்றனர். அவர் தந்தவற்றுள் ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

கி.மு. 409 இல் சொபொக்கிளிஸ் ஏதென்சில் அரங்கேற்றிய நாடகம் ‘பிலொக்டெட்டிஸ்’. துரோய்ப் போருக்குச் சென்ற அவ்வீரனைப் பாம்பு தீண்டியது. புண்ணின் நாற்றமும் அவன் ஓலமும் பொறாத தோழர், லெம்னொஸ் தீவில் அவனைத் தனியே விட்டகன்றனர். பத்தாம் ஆண்டில், அவனது வில்லின்றித் துரோய் வீழாதென அறிந்த ஒடிசியஸ், அதனை வஞ்சனையாற் கவர வருகின்றான். உடன்வந்த இளைஞன் நியொப்டொலமஸ் வில்லைக் கைப்பற்றியபின், நெஞ்சு பொறாது திருப்பியளிக்கின்றான். எனினும், துரோய் சென்றாற் புண் ஆறும் என்பதறிந்தும் பிலொக்டெட்டிஸ் செல்ல மறுக்கின்றான். கைவிட்டோர்க்கு உதவுவதினும் நோயே மேலென்பது அவன் துணிபு.

நம் இலக்கணத்தால் இதனை அளந்து நோக்குவாம். அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காகத் தொல்காப்பியர் வகுத்தார். நான்கும் இவ்வொருவனிடத்தே பொருந்தியுள்ளன.

1990 இல் ஷேமஸ் ஹீனி இக்கதையைத் தழுவி யாத்த நாடகத்தை, பீல்ட் டே குழுவினர் வட அயர்லாந்தின் டெரி நகர மண்டபத்தில் நடித்தனர். இருபதாண்டுக்கு மேலாகக் குருதி சிந்திய நகரம் அது. உண்ணாநோன்பிருந்தவனின் தந்தையையும், காவலர் ஒருவரின் கைம்பெண்ணையும் ஹீனி பாடற்குழுவின் கூற்றில் அருகருகே நிறுத்தினார். இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தார், துயரமோ ஒன்றே.

மூலத்தில் தெய்வமாய்த் தோன்றும் ஹெராக்கிளிஸ் ஆணையிட, பிலொக்டெட்டிஸ் இசைகின்றான். ஹீனியோ அக்குரலைப் பாடற்குழுவிடமே அளித்தார். விண்ணிலிருந்து வந்த வாக்கு, உடனிருந்து துயர் கண்டோர் வாயிலிருந்து எழலாயிற்று. தழுவல் என்பது இதுவே.

1998 இல் அந்நாட்டில் அமைதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அது நாடகத்தால் விளைந்ததன்று. ஆயினும், இழைத்த தீங்கை மறவாமலே தீவைவிட்டு வெளியேறல் கூடும் என்பதனை அரங்கு முன்னரே காட்டிற்று.

மாணவர்காள்! தழுவல் நூலைப் பயிலும்போது மூலத்தில் யாது மாறிற்று, ஏன் மாறிற்று என வினவுமின். ஒன்றனை மட்டும் மறவற்க: வில்லைத் திருப்பியளித்தவன் உங்களைப் போன்ற ஓர் இளைஞனே.