சொடுக்குப் பந்து: விரல் கற்கும் பாடம்

பெருவிரலையும் நடுவிரலையும் சேர்த்துச் சொடுக்குதல் நமக்கெல்லாம் பழகிய செயலே. அச்செயலைப் பந்து வீச்சிற் புகுத்துவதைத் தமிழகத் தெருவோர ஆட்டங்களில் ‘சொடுக்குப் பந்து’ என்பர். கேரம் காயைச் சுண்டுவதை ஒத்திருத்தலின், கிரிக்கெட் உலகம் அதனைக் ‘கேரம் பந்து’ என அழைக்கிறது.

இவ்வீச்சு மிகப் புதியதன்று. ஆஸ்திரேலிய வீரர் ஜாக் ஐவர்சன், இரண்டாம் உலகப் போரின்போது மேசைப் பந்தைக் கொண்டு விரல் பழகி, 1950-51இல் இங்கிலாந்துக்கு எதிராக 21 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2008இல் கராச்சியில் நடந்த ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கையின் அஜந்த மென்டிஸ் 13 ஓட்டங்களுக்கு 6 இந்திய விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். சென்னையின் இரவிச்சந்திரன் அஸ்வினோ இதனைத் தெருவில் டென்னிஸ் பந்தாட்டத்திற் கண்டு கற்றவர். 106 டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட்டுகள் பெற்று, 2024 டிசம்பரில் அவர் பன்னாட்டு ஆட்டங்களினின்று ஓய்வு பெற்றார்.

இனி, கற்கும் முறையைக் காண்போம். பந்தைப் பெருவிரல், சுட்டுவிரல், மடக்கிய நடுவிரல் ஆகியவற்றிடையே பற்றுக. கையினின்று பந்து விடுபடும் நொடியில் நடுவிரலால் அதனைச் சுண்டுக. வலக்கை விரற்சுழல் வீச்சாளரின் வழக்கமான பந்து வலக்கை மட்டையாளரை நோக்கித் திரும்பும். சுண்டிய பந்தோ அவரை விட்டு விலகிச் செல்லும். வியப்பு விளைவது இம்மாற்றத்தினாலேயே.

முதலில் அமர்ந்தவாறே ஒரு கையினின்று மறு கைக்குச் சுண்டிப் பழகுதல் வேண்டும். அடுத்துச் சுவரை நோக்கிச் சில அடி தொலைவினின்று வீசி, பந்து திரும்பும் திசையை உற்று நோக்குக. தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பின்னரே 22 கெஜத்தை எட்டலாம். டென்னிஸ் பந்தின் எடை ஏறத்தாழ 58 கிராம். தோல் பந்தோ ஏறத்தாழ 160 கிராம். எனவே தெருவில் எளிதாய் வந்தது திடலில் உடனே வாராது. விரல் வலுப்பெறும்வரை பொறுத்தல் வேண்டும். வழக்கமான பந்தை ஒழுங்காக வீசத் தெரியாதவர்க்குச் சொடுக்குப் பந்தால் பயனில்லை என்பதையும் மறத்தலாகாது.

நம் வட்டாரத்திற்கு இப்பாடம் விளையாட்டளவில் நிற்பதன்று. விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கியே பொழுது கழித்த பிஞ்சு விரல்கள் பல. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் 14 வயது நிரம்பாத சிறாரை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2016இல் வந்த திருத்தம் அத்தடையை மேலும் விரித்தது. குச்சி அடுக்குவதிலும் ஒரே செயலை ஆயிரம் முறை செய்தல் உண்டு. பந்து பழகுவதிலும் உண்டு. ஆயின் முன்னதில் சிறுவன் எண்ணிக்கைக்கு உழைக்கிறான். பின்னதில் தன் பிழையைத் தானே கண்டு திருத்துகிறான். கல்வி என்பது இத்திருத்தமே அன்றோ?

ஆதலின், மாலையில் ஒரு மணி நேரத்தையும் ஒரு திடலையும் நம் சிறார்க்கு ஒதுக்கித் தருதல் ஆசிரியர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் கடனாகும். சட்டம் விடுவித்த விரல்களுக்குக் கற்க ஒன்றைக் கொடுப்பது நம் பொறுப்பே.