இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது!



போன கூட்டத்தில் சேமிப்புப் பணம் எண்ணி முடித்ததும் பேச்சு கால்வலிப் பக்கம் போய்விட்டது. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, மத்தியானம் வரை நின்றுகொண்டே விற்கும் நம் அக்கா ஒருவர், "ராத்திரி தூக்கத்துல கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி இழுத்துக்குதும்மா, உசுரே போய் வருது" என்றார். உட்கார்ந்திருந்த பாதிப் பேர் "எனக்கும்தான்" என்றோம். இதற்கு வழி, தசைகள் வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது.

நம் உடம்பில் 600-க்கும் மேற்பட்ட தசைகள் உள்ளன. எலும்பை அசைக்கும் தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. கயிறு கட்டிப் படகைக் கரைக்கு இழுக்கலாம். அதே கயிற்றால் படகைத் தள்ள முடியுமா? அதனால்தான் ஒரு பக்கம் இழுக்க ஒன்று, திருப்பி இழுக்க எதிர்ப்பக்கம் இன்னொன்று என்று தசைகள் ஜோடியாக இருக்கின்றன.

லாரித் தண்ணீர் பிடித்துக் குடத்தைத் தூக்கும்போது, மேல்கையின் முன்பக்கம் இருக்கும் இருதலைத் தசை சுருங்கித் திரண்டு முழங்கையை மடக்கும். பின்பக்கத்து முத்தலைத் தசை அப்போது தளர்ந்து கொடுக்கும். தள்ளுவண்டி தள்ளும்போது வேலை மாறும். முத்தலைத் தசை பின்னாலிருந்து இழுத்து முழங்கையை நீட்டும். ஆக, நாம் தள்ளுவதும் உள்ளே ஒரு இழுப்புதான்!

குடத்தை மெதுவாக இறக்கும்போது பின்தசைதான் வேலை செய்கிறது என்று நாங்களும் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. முன்தசையே பிடியை விடாமல், கயிறு விடுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு கொடுக்கிறது. பழக்கமில்லாத சுமையை ஏற்றி இறக்கினால் மறுநாள் கை வலிக்கிறதே, அதற்கு இந்த இறக்குகிற வேலைதான் முக்கியக் காரணம்.

காலுக்கு வருவோம். கெண்டைக்கால் சதை குதிகாலை மேலே இழுக்கும். அதன் ஜோடி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி இருக்கிறது. அது பாதத்தை மேலே தூக்கும். ஒன்று சுருங்கும்போது மற்றதைத் தளரச் சொல்லித் தண்டுவடத்திலிருந்தே கட்டளை போகும். இதை ஆராய்ந்து விளக்கியவர் 1932-இல் நோபல் பரிசு பெற்ற இங்கிலாந்து அறிஞர் ஷெரிங்டன்.

ஆகவே சதை இழுத்துக்கொண்டால் முழங்காலை நீட்டி, கால் விரல்கள் முகத்தைப் பார்க்கும்படி பாதத்தை நாமே மேலே மடக்க வேண்டும். முன்தசை இறுகும், கெண்டைக்கால் விட்டுக்கொடுக்கும். முடியாவிட்டால் புடவைத் தலைப்பைப் பாதத்தில் மாட்டி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால் அது வேறு விஷயம். தேய்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அடிக்கடி இழுத்துக்கொள்பவர்கள், முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்கள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.