இரக்கமும் பயிற்சியும்: ஹென்றி டுனாண்ட் தொடக்கிவைத்த தொண்டு



"சமூக சேவையும் இளைஞரும்" என்று கட்டுரைத் தலைப்பு ஒன்று தரப்பட்டால் உங்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் "இளைஞர்கள் நாட்டின் முதுகெலும்பு ஆவர்" என்றுதான் தொடங்குகிறீர்கள். பின்னர் "பிறருக்கு உதவ வேண்டும்" என்ற ஒரே கருத்தை நான்கு பந்திகளில் நான்கு விதமாக எழுதுகிறீர்கள். விடைத்தாள் திருத்துபவருக்கு இது அலுத்துப்போன சங்கதி. ஒரு மனிதரின் கதையைச் சரியாகத் தெரிந்து வைத்திருங்கள். கட்டுரைக்கும் உதவும், குடியுரிமைக் கல்வி விடைக்கும் உதவும்.

ஹென்றி டுனாண்ட் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரைச் சேர்ந்தவர். 1828 மே 8 இல் பிறந்தார். இளவயதிலேயே நண்பர்களுடன் சேர்ந்து ஏழைகளையும் நோயாளரையும் சிறைக் கைதிகளையும் சென்று பார்த்து வந்தார். ஆயினும் 1859 இல் அவர் இத்தாலிக்குப் போனது தொண்டு செய்வதற்காக அல்ல. அல்ஜீரியாவில் அவர் நடத்திய வியாபாரத்தில் ஏற்பட்ட சிக்கல் பற்றிப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடம் முறையிடவே போனார். (பல மாணவர்கள் அவரை வைத்தியர் என்று எழுதுகிறார்கள். அது பிழை. அவர் வியாபாரி.)

யூன் 24 அன்று வட இத்தாலியிலுள்ள சொல்பெரினோவில் பிரான்சும் சார்டீனியாவும் ஒரு பக்கமாகவும் ஒஸ்திரியா மறுபக்கமாகவும் போரிட்டன. ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பேர் கொல்லப்பட்டோ, காயமுற்றோ, காணாமலோ போயினர். பக்கத்திலிருந்த காஸ்டிலியோனே என்ற சிறு நகரின் தேவாலயங்கள் காயக்காரரால் நிரம்பின. 31 வயதான டுனாண்ட் தம் வியாபாரத்தை மறந்து அங்கேயே தங்கிவிட்டார். அந்நகரப் பெண்களும் சிறுமிகளும் தண்ணீர் கொடுத்தனர், காயங்களைக் கழுவிக் கட்டினர். எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று அவர்கள் பார்க்கவில்லை. பிடிபட்டிருந்த ஒஸ்திரிய வைத்தியர்களை விடுவித்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்தவும் டுனாண்ட் பேசி இணங்க வைத்தார்.

இவ்விடத்தில் சற்று நின்று யோசியுங்கள். அந்தப் பெண்களிடம் இரக்கத்திற்குக் குறைவில்லை. குறைவாயிருந்தவை பழகிய கைகளும் மருந்தும் ஒழுங்கும். காப்பாற்றியிருக்கக் கூடிய பலர் இறந்து போனார்கள். இதைத்தான் டுனாண்ட் மறக்கவில்லை. 1862 இல் சொல்பெரினோ நினைவுகளை நூலாக எழுதித் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதில் இரண்டு யோசனைகளை முன்வைத்தார். ஒன்று, ஒவ்வொரு நாட்டிலும் சமாதான காலத்திலேயே தொண்டர்களைச் சேர்த்துப் பயிற்றும் சங்கங்கள் வேண்டும். மற்றது, காயமுற்றோரையும் அவர்களைப் பராமரிப்போரையும் பாதுகாக்க நாடுகளிடையே உடன்படிக்கை வேண்டும். முதல் யோசனையிலிருந்து 1863 இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. இரண்டாவதிலிருந்து 1864 ஆகஸ்ட் 22 இல் 12 நாடுகள் கைச்சாத்திட்ட முதலாவது ஜெனீவா உடன்படிக்கை பிறந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் மாற்றி எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

அவருடைய பிற்கால வாழ்வு சோகமானது. 1867 இல் வியாபாரம் முறிந்தது. கடனாளியாகி வறுமையில் அலைந்தார். உலகமே அவரை மறந்திருந்த வேளையில், 1895 இல் ஒரு பத்திரிகையாளர் மூலம் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தார். 1901 இல் முதலாவது சமாதான நோபல் பரிசு அவருக்கும் பிரெடெரிக் பாஸிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1910 இல் காலமானார். அவர் பிறந்த மே 8 உலக செஞ்சிலுவை தினமாகும். சர்வதேச தொண்டர் தினம் வேறு. அது டிசெம்பர் 5. ஐக்கிய நாடுகள் சபை 1985 இல் பிரகடனம் செய்தது.

இலங்கையில் 1934–35 மலேரியாக் கொள்ளைநோயை அடுத்து 1936 இல் செஞ்சிலுவைப் பணி தொடங்கியது. இவ்வியக்கத்தின் ஏழு அடிப்படைக் கொள்கைகளுள் தொண்டர் சேவையும் ஒன்று. மற்றைய ஆறும் மனிதாபிமானம், பாரபட்சமின்மை, நடுநிலைமை, சுதந்திரம், ஒற்றுமை, உலகளாவிய தன்மை.

பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். 2004 டிசெம்பரில் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. 26 ஆம் திகதி கடல் வந்தது. எங்கள் ஊர்ப் பாடசாலை முகாமாகியது. நாங்கள் பொடியன்கள் எல்லோரும் ஓடினோம். வீடு வீடாக உடுப்புச் சேர்த்தோம். இரண்டு நாட்களில் உடுப்பு மலையாகக் குவிந்தது, குடிதண்ணீர் இல்லை. அங்கே என்ன தேவை என்று ஒருவரிடமும் நாங்கள் கேட்கவில்லை. தகரம் வெட்டி இரத்தம் ஓட ஒரு முதியவரைத் தூக்கி வந்தபோது ஐந்தாறு பேர் சுற்றி நின்று "அப்பு, அப்பு" என்று கத்தினோமே தவிர, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் வகுப்புச் சாரணன் ஒருவன்தான் விலக்கிவிட்டு வந்து, சுத்தமான துணியை மடித்துக் காயத்தில் இறுக்கி அழுத்தி, காலை உயர்த்தி வைத்தான். அரைக் காற்சட்டைக்காக நாங்கள் தினமும் பகிடி பண்ணிய பொடியன் அவன்.

மாதிரி வினா: தொண்டர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி அளிப்பதன் அவசியத்தை உதாரணம் தந்து விளக்குக.

விடை எழுதும்போது முதலில் "அனர்த்தம் நிகழ்ந்த பின் கற்றுக்கொள்ள நேரமிராது" என்ற காரணத்தை எழுதுங்கள். அடுத்து சொல்பெரினோவை இரண்டு வசனங்களில் சொல்லுங்கள், கதை முழுவதையும் அல்ல. பின் டுனாண்டின் முதலாம் யோசனை. கடைசியாக உங்கள் ஊரில் நீங்கள் கண்ட ஓர் உதாரணம். அது டெங்கு ஒழிப்புச் சிரமதானமாகவும் இருக்கலாம், வெள்ளத்தின்போது நடந்த உதவியாகவும் இருக்கலாம். கண்டதை எழுதுங்கள், புத்தகத்தில் பார்த்ததை அல்ல.

பயிற்சி:
1. டுனாண்டின் இரண்டு யோசனைகளும் எவ்வாறு நிறைவேறின?
2. பாரபட்சமின்மை என்ற கொள்கையைக் காஸ்டிலியோனே பெண்களின் செயலைக் கொண்டு விளக்குக.
3. உங்கள் கிராம சேவகர் பிரிவில் வெள்ளம் ஏற்பட்டால், உங்கள் வகுப்பு மாணவர் செய்யக்கூடிய மூன்று பணிகளையும், ஒவ்வொன்றுக்கும் இப்போதே பெறவேண்டிய பயிற்சியையும் எழுதுக.